உரோமைத் திருப்பயணமும் கைப்பேசியும்

முன்னாளில் உரோமைக்குத் திருப்பயணம் சென்றவர்கள் வீட்டாருக்குச் செய்தி அனுப்பும் முறை மிகவும் எளிமையானது. புனித இராயப்பர் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் வத்திக்கான் அஞ்சலகத்தில் ஒரு பட அட்டையை வாங்குவார்கள். 'நலமாய் வந்து சேர்ந்தோம். உங்கள் எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டோம்' என்று இரண்டு வரி எழுதி, வத்திக்கான் அஞ்சல் தலையை ஒட்டிப் பெட்டியில் இட்டுவிட்டு வருவார்கள். பல வேளைகளில் பயணி ஊர் திரும்பிச் சில நாட்கள் கழிந்த பின்னரே அந்த அட்டை வீட்டு வாசலுக்கு வந்து சேரும். அதுவரை வீட்டார் செபமாலை சொல்லிக்கொண்டு காத்திருப்பார்கள்.

இன்று நிலைமை வேறு. 2025 அக்டோபரில், யூபிலி ஆண்டின் அருட்கொடைகளைப் பெறும் பொருட்டு, நம்மையும் சேர்த்து 28 பேர் கொண்ட குழுவோடு நாம் உரோமைக்குச் சென்றிருந்தோம். ஃபியூமிச்சினோவில் உள்ள லியொனார்தோ தா வின்சி விமான நிலையத்தில் விமானம் தரையைத் தொட்டதுதான் தாமதம், குழுவினர் அனைவரும் கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டனர். சிலருடைய கைப்பேசி உடனே ஒலித்தது. சிலருடையது ஊமையாய்க் கிடந்தது. சிலருக்கு என்ன செய்வதென்றே விளங்கவில்லை. புறப்படுமுன் நம்மிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி திருக்கதவைப் பற்றியதோ திருத்தந்தையைப் பற்றியதோ அன்று. "அங்கே போன் வேலை செய்யுமா, சாமி?" என்பதே அக்கேள்வி. நாமும் அதை ஒரு சிறு காரியமாக எண்ணி, "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டோம். அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பதை உரோமையில் இரண்டாம் நாளே உணர்ந்தோம். இனிப் புறப்படவிருக்கும் குடும்பங்கள் அத்தவற்றைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

நான்கு வழிகள்

வெளிநாட்டில் கைப்பேசியைப் பயன்படுத்த நான்கு வழிகள் உள்ளன. 

முதலாவது வழி ரோமிங். நம் ஊரில் பயன்படுத்தும் அதே சிம் கார்டு, அதே எண். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கோபுரத்தின் வழியாக அது இயங்கும். இதற்குப் புறப்படுமுன்பே நம் நிறுவனத்திடம் சொல்லி வசதியைத் திறந்துகொள்ள வேண்டும். இத்தனை நாட்களுக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டும் திட்டத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். திட்டம் எடுக்காமல் இணையத்தை மட்டும் திறந்து வைத்தால் கட்டணம் மலைபோல் ஏறிவிடும். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதும் இந்த ஆபத்து உண்டு. சில விமானங்களில் தனிக் கைப்பேசிச் சேவை இருக்கிறது. கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைக்க மறந்தவர்களை அது தானாகவே பற்றிக்கொள்ளும். நம் குழுவில் ஒருவர் இப்படித் தூங்கிக்கொண்டே பணத்தை இழந்தார்.

இரண்டாவது வழி, சென்ற நாட்டில் சிம் கார்டு வாங்குவது. இத்தாலியில் டிம், வோடஃபோன், வின்ட்திரே, இலியாத் ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள். பயங்கரவாதத்தைத் தடுக்கும் பொருட்டு 2005-இல் இயற்றப்பட்ட சட்டத்திற்குப் பின், அடையாளச் சான்று இல்லாமல் அங்கே எவரும் சிம் கார்டு பெற முடியாது. ஆகையால் கடவுச்சீட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும், நகல் போதாது. இத்தாலியர் ஒவ்வொருவருக்கும் வரி அடையாள எண் ஒன்று உண்டு. கடைக்காரர் அதைக் கேட்டால் திகைக்க வேண்டாம். நம் பெயரையும் பிறந்த நாளையும் பிறந்த நாட்டையும் கணினியில் இட்டு, அவரே ஓர் எண்ணை உருவாக்கிக்கொள்வார். ஒரு மாதத்திற்கான பயணியர் திட்டம் பெரும்பாலும் 20 முதல் 30 யூரோ வரை ஆகின்றது. விமான நிலையக் கடைகளைவிட நகரக் கடைகளில் விலை குறைவாயிருப்பது வழக்கம். சிம் கார்டு உயிர் பெறச் சில வேளைகளில் பல மணி நேரம் ஆகும் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது வழி இ-சிம். இதில் கையில் பிடிக்கும் அட்டை என்று ஒன்றும் இல்லை. புறப்படுமுன் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பணம் கட்டி, அவர்கள் அனுப்பும் கியூ.ஆர். குறியைக் கைப்பேசியில் பதிந்துகொண்டால் போதும். அங்கே இறங்கியதும் இணையம் வந்துவிடும். ஆனால் எல்லாக் கைப்பேசிகளும் இ-சிம்மை ஏற்பதில்லை. மேலும், பயணியருக்கு விற்கப்படும் இ-சிம்களில் பெரும்பாலானவை இணையத்தை மட்டுமே தரும். பேசுவதற்கென்று தொலைபேசி எண் எதையும் தருவதில்லை. வாட்ஸ்அப் வழியாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு குறையே அன்று. தெரியாதவர்களுக்கு அது பெருங்குறை.

நான்காவது வழி, ஒன்றும் வாங்காமல் தங்குமிடத்தின் வை-பையை நம்பியிருப்பது. விமான நிலையத்தில் இலவச வை-பை உண்டு. கன்னியர் நடத்தும் விடுதிகளிலும் உண்டு. ஆனால் விடுதியின் படியைத் தாண்டிய கணமே தொடர்பு அறுந்துவிடும். மேலும், எல்லோருக்கும் திறந்துள்ள வை-பையில் வங்கிக் கணக்கைத் திறப்பது, சந்தையில் பணப்பையைத் திறந்து வைத்து எண்ணுவது போன்றது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஊர் சிம் கார்டைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. வங்கி அட்டையைப் பயன்படுத்தும்போது வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் அதற்குத்தான் வரும். இரண்டு சிம் கார்டுகளுக்கு இடமுள்ள கைப்பேசியாயின், ஒன்றில் ஊர் எண்ணைக் குறுஞ்செய்திக்காக மட்டும் வைத்துக்கொண்டு, அதன் இணையத்தை மூடிவிட்டு, மற்றொன்றில் வெளிநாட்டுச் சிம் கார்டை இடுவதே நலம். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே தொடர்ந்து இயங்கும், மாற்ற வேண்டியதில்லை.

இவையெல்லாம் நமக்கு அங்கே போன பிறகு தெரிந்தவை. முன்பே தெரிந்திருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமை நேர்ந்திராது.

27 பேர்

நாம் தங்கியிருந்தது இலாத்தரன் பேராலயத்துக்கு அருகில், கன்னியர் நடத்தும் ஒரு விடுதியில். அங்கிருந்து புனித இராயப்பர் பேராலயத்துக்குச் செல்ல, சான் ஜொவான்னி நிலையத்தில் சுரங்க இரயிலின் 'ஏ' தடத்தில் ஏறி ஒட்டாவியானோ நிலையத்தில் இறங்க வேண்டும். இடையில் மாற வேண்டியதில்லை. திருக்கதவைக் கடப்பதற்கு முன்பே இணையத்தில் பெயரைப் பதிந்து நாளும் வேளையும் குறித்திருந்தோம். யூபிலிக்கு வரும் ஒவ்வொருவரும் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளும் திருப்பயணி அட்டையும் கைப்பேசியில் கியூ.ஆர். குறியாகவே கிடைத்திருந்தது.

காலை நெரிசலில் எல்லோரும் எப்படியோ ஏறிவிட்டோம். தெர்மினி என்பது உரோமையின் தலைமை இரயில் நிலையம்; சுரங்க இரயிலின் இரண்டு தடங்கள் சந்திக்கும் இடமும் அதுவே. அங்கே கதவு திறந்ததும் மக்கள் வெள்ளமாய் இறங்கினார்கள்; வெள்ளமாய் ஏறினார்கள்; கதவு மூடிற்று. ஒட்டாவியானோவில் இறங்கி எண்ணினோம். 27 பேர். மீண்டும் எண்ணினோம். 27 பேரே.

காணாமற்போனவர் 68 வயதுத் தாயார் ஒருவர். தம் வாழ்நாளில் சென்னையைத் தாண்டி வந்தது அதுவே முதல் முறை. அவருடைய கணவர் பக்கவாதத்தால் நான்கு ஆண்டுகளாய்ப் படுக்கையில் இருப்பவர். அவரை விட்டுவிட்டு வர இந்த அம்மாளுக்கு மனமில்லை. "நீ போயிட்டு வா, எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ" என்று அவரே வற்புறுத்தி அனுப்பி வைத்தார். ஒவ்வொரு நாளும் மாலையில் அவரோடு இரண்டு வார்த்தை பேசாமல் அவருக்குத் தூக்கம் வராது.

உடனே அவருடைய எண்ணை அழைத்தோம். தொடர்பு கிடைக்கவில்லை. அவர் ரோமிங் வசதியைத் திறந்திருக்கவில்லை. விடுதியின் வை-பையில் மட்டுமே அவர் பேசுவது வழக்கம். சரி, அவர் யாரிடமேனும் கைப்பேசியை இரவல் வாங்கி நம்மை அழைப்பாரே என்று எண்ணினோம். அப்போதுதான் நமது நெஞ்சு திடுக்கிட்டது. அவரிடம் இருந்தது நமது ஊர் எண். நாமோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊர்ச் சிம் கார்டைக் கழற்றி உறையில் இட்டுவிட்டு, இத்தாலியச் சிம் கார்டைப் போட்டுக்கொண்டிருந்தோம். புதிய எண்ணை எல்லோருக்கும் அறிவித்தோம். எதில் அறிவித்தோம்? வாட்ஸ்அப் குழுவில்! அது எல்லோரையும் சென்றடைந்தது, அவரைத் தவிர. முந்திய இரவு விடுதியில் களைத்துப் படுத்துவிட்ட அவர் அதைப் பார்க்கவேயில்லை. நமது அறிவிப்பு யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு மட்டும் அது கிட்டவில்லை.

குழுவை நம்மோடு வந்திருந்த உபதேசியாரிடம் ஒப்படைத்து, குறித்த வேளையில் திருக்கதவைக் கடக்கும்படி அனுப்பிவிட்டு, இளைஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தெர்மினிக்குத் திரும்பினோம். மேடை மேடையாய், படி படியாய்த் தேடினோம். சேலை உடுத்திய ஒருவரை எங்கே கண்டாலும் ஓடினோம். நிலையப் பணியாளரிடம் நமக்குத் தெரிந்த குறை இத்தாலியத்தில் கேட்டோம். அவர் உதட்டைப் பிதுக்கினார். தொலைந்த ஆட்டின் உவமையை எத்தனையோ ஞாயிறுகளில் பலிபீடத்தருகே நின்று விளக்கியிருக்கின்றோம். அந்த ஒன்றரை மணி நேரம்போல் அது நமக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. ஊரில் படுத்திருக்கும் அந்தப் பெரியவருக்கு மாலையில் என்ன சொல்வோம் என்ற எண்ணமே நம்மை வாட்டிற்று.

கடைசியாக, விடுதிக்குச் செய்தி சொல்வோம் என்று அங்கே அழைத்தோம். எடுத்த அருட்சகோதரி, "ஒரு நிமிடம்" என்றார். அடுத்து ஒலித்தது தமிழ்க் குரல்.

"சாமி, நான் இங்கே பத்திரமா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

நம்மால் பதில் சொல்ல இயலவில்லை.

நடந்தது இதுதான். தெர்மினியில் இறங்கிய கூட்டம் அவரையும் வெளியே தள்ளிவிட்டது. அவர் அழவில்லை, அலையவுமில்லை. சுவரோரம் ஒதுங்கி நின்று செபமாலையைக் கையில் எடுத்தார். உரோமையில் கேரளக் கன்னியர்கள் ஏராளமானோர் பணிபுரிகின்றனர். அவ்வழியாய் வந்த அத்தகைய அருட்சகோதரி ஒருவர் சேலையையும் செபமாலையையும் கண்டு அருகில் வந்தார். இவருக்கு மலையாளம் தெரியாது; அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆயினும் இவரிடம் ஒரு சீட்டு இருந்தது. முதல் நாள் விடுதியில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்த சிறு அட்டை அது: விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண். நம்மில் பலர் அதை மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தோம். இவர் மட்டும் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். அந்த அருட்சகோதரி எண்ணை அழைத்து, விடுதி வரை கொண்டுவந்தும் விட்டுச் சென்றார்.

விடுதியார் ஏன் நமக்கு உடனே சொல்லவில்லை என்று கேட்கின்றீர்களா? அவர்கள் பலமுறை அழைத்தார்களாம். அவர்களுடைய பதிவேட்டில் நாம் எழுதியிருந்ததும் ஊர் எண்ணே. ஒரே தவற்றை இரண்டு இடங்களில் செய்திருந்தோம்.

அந்தத் தாயாரும் நாமும் அன்று புனித இராயப்பர் பேராலயத் திருக்கதவைக் கடக்க இயலவில்லை. மறுநாள் விடியற்காலையில் விடுதிக்கு அருகிலிருந்த இலாத்தரன் பேராலயத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். உரோமை மறைமாவட்டத்தின் தலைமை ஆலயமும் உலகிலுள்ள எல்லா ஆலயங்களின் தாய் எனப்படுவதும் அதுவே. அங்கும் திருக்கதவு திறந்திருந்தது. இருவரும் ஒன்றாய் அதனைக் கடந்தோம். பிறகு நேரே ஒரு கடைக்குச் சென்று, அவருடைய கடவுச்சீட்டைக் காட்டி, அவர் கைப்பேசிக்கும் ஒரு சிம் கார்டு வாங்கினோம்.

சீட்டில் எழுத வேண்டியவை

அன்று மாலை எல்லோரையும் அமர்த்தி, ஆளுக்கொரு சீட்டு எழுதச் செய்தோம். அதில் இருந்தவை: தங்குமிடத்தின் பெயரும் முகவரியும் எண்ணும், குழுத் தலைவரின் அப்போதைய எண்ணும் ஊர் எண்ணும், உடன் வரும் மற்றொருவரின் எண், 'வழி தவறிவிட்டேன், தயவுசெய்து இந்த எண்ணை அழையுங்கள்' என்று இத்தாலிய மொழியில் ஒரு வரி. அதன் கீழே 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அவசர உதவி எண் அதுவே, கட்டணம் இல்லை. நம் நாட்டிலும் அதே எண் இருப்பதால் நினைவில் வைப்பது எளிது.

இன்னொரு விதியும் வகுத்தோம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால், பிரிந்தவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தேடுகிறவரே திரும்பி வர வேண்டும். இரயிலில் பிரிந்தால், முன்னே சென்றவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். கைப்பேசியின் மின்கலம் தீரலாம், அது திருடு போகலாம், கீழே விழுந்து உடையலாம். காகிதத்துக்கு இந்த நோய்கள் இல்லை. மின்கலம் என்றதும் ஒன்று: நம் ஊரின் மூன்று உருண்டைக் கால் செருகி இத்தாலியச் சுவரில் நுழையாது. அதற்கான மாற்றுச் செருகி ஒன்றைப் புறப்படுமுன்பே வாங்கிக்கொள்க.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து நம் ஊர் நிலத் தொலைபேசியை அழைக்கும்போது ஊர்க் குறியீட்டின் முதற் பூச்சியத்தை நீக்கிவிடுவோம். இத்தாலியில் அப்படிச் செய்யலாகாது. உரோமையின் குறியீடு 06; நாட்டு எண்ணாகிய 39-க்குப் பின்னும் அந்தப் பூச்சியம் இருந்தே ஆக வேண்டும். ஆனால் கைப்பேசி எண்கள் 3-இல் தொடங்கும்; அவற்றின் முன் பூச்சியம் இல்லை. ஊரிலிருந்து விடுதியை அழைத்து, 'எண் தவறு' என்ற அறிவிப்பைக் கேட்டுக் கலங்கிய குடும்பங்கள் நம் குழுவிலேயே இரண்டு.

சின்னஞ்சிறு நாட்டின் பெரிய குரல்

வத்திக்கான் தனி நாடு. அதன் பரப்பு 44 ஹெக்டேர் மட்டுமே. 'அங்கே நுழைந்ததும் தனி ரோமிங் கட்டணம் விழுமோ?' என்று ஒரு குடும்பத்தலைவர் கவலையோடு கேட்டார். கவலை வேண்டியதில்லை. வத்திக்கானுக்கு 379 என்ற தனி நாட்டு எண் ஒதுக்கப்பட்டிருந்தும், அது பயன்பாட்டில் இல்லை. வத்திக்கான் அலுவலகங்களின் எண்கள் இத்தாலியின் 39-இலும் உரோமையின் 06-இலுமே அடங்கும். அதன் பின் 698 என்று தொடங்கும். நம் கைப்பேசியும் அங்கே இத்தாலியக் கோபுரங்களையே பற்றிக்கொள்கிறது.

தொலைத்தொடர்பு என்பது திருச்சபைக்குப் புதியதன்று. வானொலியின் தந்தையரில் ஒருவராகிய மார்க்கோனியே வத்திக்கான் வானொலி நிலையத்தை அமைத்துக் கொடுத்தார். 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அதன் வழியாக இலத்தீன் மொழியில் உலகோடு பேசினார். அதே வானொலியின் தமிழ்ப் பணியை நம்முள் பலர் சிற்றலையில் காதை வைத்துக் கேட்டு வளர்ந்தவர்கள். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மங்கள வார்த்தை கொணர்ந்த அதிதூதர் கபிரியேலைத் தொலைத்தொடர்புப் பணியாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி விதித்தொகுப்பே வெளியிட்டது. ஆக, கைப்பேசியைக் கையில் வைத்திருப்பதற்காகத் திருப்பயணி வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். புனித இராயப்பர் சதுக்கத்தில் புதன்கிழமை பொதுச் சந்திப்பின்போது திருத்தந்தை பதினான்காம் லியோ நம்மருகே வாகனத்தில் வந்தார். நம்மைச் சுற்றிலும் கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பேசி. பலர் அவரைக் கண்ணாடித் திரையில்தான் கண்டனர். இரண்டடி தூரத்தில் நேரே நின்றவரை நேரே காண மறந்தனர். நாமும் அவர்களுள் ஒருவர் என்பதை மறைப்பானேன்? எடுத்த படத்தில் இருப்பது முன்னின்றவருடைய தோள்.

எல்லை தாண்டினால்

உரோமையோடு லூர்து நகருக்கும் பாத்திமாவுக்கும் செல்லும் குழுக்கள் உண்டு. அவர்களுக்கு நற்செய்தி ஒன்று. 2017 சூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆகவே இத்தாலியில் வாங்கிய சிம் கார்டு பிரான்சிலும் போர்த்துகலிலும் இயங்கும். ஆனால் வெளிநாட்டில் பயன்படுத்தத் தரும் இணைய அளவு, இத்தாலிக்குள் தரும் அளவைவிடக் குறைவாய் இருக்கலாம், வாங்கும்போதே கேட்டுக்கொள்க. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. மெஜுகோரி இருக்கும் பாஸ்னியா-எர்செகோவினாவும் இல்லை. அந்த எல்லைகளைத் தாண்டுமுன் இணையத்தை மூடிவிட்டு, தங்குமிடத்தின் வை-பைக்குக் காத்திருப்பதே பணப்பைக்கு நல்லது.

நேரத்தையும் நினைவில் கொள்க. கோடையில் உரோமை நமக்கு மூன்றரை மணி நேரம் பிந்தியது. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம் பிந்தியது. உரோமையில் இரவு உணவை முடித்துவிட்டு ஆற அமர ஊருக்குப் பேசுகிறவர், அங்கே நள்ளிரவில் ஒரு வீட்டையே எழுப்பிக் கலங்கச் செய்கிறார்.

அசிசியில் ஒரு மாலை

பயணத்தின் இறுதி நாட்களில் அசிசிக்குச் சென்றோம். இரயில் நிலையம் சமவெளியில் இருக்கிறது. புனித பிரான்சிஸ் அசிசியார் உயிர்நீத்த இடமும், அவருக்கு உயிரான போர்சியுங்குலா என்னும் சிற்றாலயமும் அங்கேதான். நகரமோ மலைச்சரிவில். பேருந்தில் மேலே ஏறினால், இளஞ்சிவப்பும் வெண்மையுமான கற்களால் கட்டிய வீடுகளும் ஒடுங்கிய தெருக்களும் மாலை வெயிலில் ஒளிர்கின்றன.

அங்குள்ள மரியன்னை ஆலயம் ஒன்றில் புனித கார்லோ அக்குத்திஸின் கல்லறை இருக்கிறது. 1991-இல் இலண்டனில் பிறந்து, இத்தாலியின் மிலான் நகரில் வளர்ந்து, 2006 அக்டோபர் 12-ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் 15-ஆம் வயதில் இறந்த சிறுவர் அவர். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை அவரைப் புனிதராக உயர்த்தினார். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் உலகுக்குக் காட்டினார் அவர். கணினியில் அத்தனை திறமை இருந்தும், நாள்தோறும் திருப்பலி காண்பதை விடவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் நீலக்காற்சட்டையும் சாதாரணக் காலணியும் அணிந்து படுத்திருக்கும் அவரைக் கண்ட நம் குழுவின் இளைஞர்கள் வெகுநேரம் அசையாமல் நின்றனர்.

அங்கிருந்து நடந்து, புனித கிளாரா பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தை அடைந்தோம். ஒருபுறம் பேராலயம், மறுபுறம் உம்பிரியா சமவெளி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒலிவ மரங்களும் வயல்களும். 1253-இல் இறந்த அப்புனிதையைப் பற்றி ஒரு வரலாறு சொல்வார்கள். கிறிஸ்து பிறப்பு இரவில் நோயினால் எழ முடியாமல் மடத்தில் படுத்திருந்தார் கிளாரா. மற்றக் கன்னியர் ஆலயத்துக்குச் சென்றுவிட்டனர். அப்போது தொலைவில் நடந்த வழிபாட்டைப் படுக்கையில் இருந்தபடியே கண்டும் கேட்டும் மகிழும் பேற்றை இறைவன் அவருக்கு அருளினார். இதனை நினைவிற்கொண்டே 1958-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.

இவ்வரலாற்றை நாம் சதுக்கத்தில் நின்று சொல்லி முடித்தபோது மணி நான்கு. ஊரில் இரவு ஏழரை. அந்தத் தாயார் மெல்ல நம்மருகே வந்தார். "சாமி, அவங்களும் படுத்துத்தானே இருக்காங்க?" என்றார்.

அவருடைய கைப்பேசியிலேயே வீடியோ அழைப்பைத் தொடுத்துக் கொடுத்தோம். மகன் எடுத்து, தந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தார். பேராலயத்தினுள் படம் எடுக்க அனுமதியில்லை. ஆகையால் அம்மாள் வெளியில் நின்றே கைப்பேசியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்: முகப்பிலுள்ள வட்டப் பலகணி, கோபுரம், கீழே விரிந்த சமவெளி. "இதுதான் கிளாரம்மா கோயில். நல்லாத் தெரியுதா? உங்களுக்காகத்தான் வந்தேன்." மறுமுனையில் பெரியவருக்குப் பேச்சு வரவில்லை. வலக் கை அவருக்கு வழங்காது. இடக் கையை மெல்ல உயர்த்தி, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் வரைந்தார். சுற்றி நின்ற எவரும் பேசவில்லை.

ஐந்து நிமிடம் ஆயிற்று. அம்மாள் அழைப்பை முடித்தார். கைப்பேசியை அணைத்து நம் கையில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் வச்சிருங்க சாமி, உள்ளே போய் அவங்களுக்காக வேண்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆலயத்துக்குள் நுழைந்தார். அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவருடைய கைப்பேசி நம் சட்டைப் பையில் மௌனமாய் இருந்தது. நாமும் நமது கைப்பேசியை அணைத்துவிட்டு அவர் பின்னே சென்று கடைசி இருக்கையில் முழந்தாளிட்டோம்.

அன்புக் குடும்பங்களே, திருப்பயணம் புறப்படுகிறவர்கள் பெட்டி கட்டும் நாளிலேயே கைப்பேசிக்கும் வழி செய்துவிடுங்கள். எந்த வழி என்று வீட்டில் உள்ள பிள்ளைகளோடு கலந்து முடிவு செய்யுங்கள். முதியவர்களுக்கு அதை ஒருமுறையல்ல, மூன்று முறை செய்து காட்டுங்கள். எண் மாறினால் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லுங்கள். தாளிலும் எழுதிக் கொடுங்கள். இவற்றை முன்னதாகச் செய்து முடித்தவர், ஆலயத்தின் வாசலில் கைப்பேசியைக் கவலையின்றி அணைத்துவிட்டு உள்ளே போகலாம்.

அந்த விடுதியின் அட்டை இன்னமும் அத்தாயாரின் செபப் புத்தகத்தில் இருக்கிறது. ஞாயிறு பூசையில் நாம் கண்டிருக்கின்றோம். நமது இரு எண்களும் அதன் பின்புறத்தில் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன.